குவாங்சோவின் ஃபாங்சுன் சந்தையில் தேயிலை வாங்கப் போகிறவருக்கு

திருப்பூரிலிருந்து, சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சிக்குப் போகிறீர்கள், வேலை முடிந்தபின் ஒரு நாள் கையில் இருக்கிறது, ஃபாங்சுன் தேயிலைச் சந்தைக்குப் போய் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் நல்ல சீனத் தேயிலை வாங்க நினைக்கிறீர்கள். சீன மொழி தெரியாமல், ஏமாறாமல் வாங்க முடியுமா, யுன்னான் மாகாணத்தில் விளைந்து, வட்டாக அழுத்தி விற்கப்படும் பூஅர் தேயிலையை வாங்கி வைத்தால் விலை ஏறும் என்கிறார்களே, அதையும் கொஞ்சம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். குடிக்க வாங்குங்கள், விலை ஏறியதும் விற்கலாம் என்று வாங்காதீர்கள்.

காரணம் அந்தச் சந்தையின் தன்மையிலேயே இருக்கிறது. ஃபாங்சுன் சுற்றுலாக்காரர்களுக்கான கடைத்தெரு இல்லை. முத்தாற்றின் மேற்குக் கரையில், லிவான் பகுதியில், ஒன்றையொன்று ஒட்டிய பல சந்தைகளும் வணிக வளாகங்களும் சேர்ந்த மொத்த வியாபாரப் பேட்டை அது. ஆயிரக்கணக்கான கடைகள். சீனாவின் பூஅர் விலை பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. தாயி என்ற பெரிய பிராண்டின் பெட்டிகளுக்கு அன்றாட விலைப்பட்டியலே உண்டு. கட்டிய நாடா அவிழாமல், பெட்டியைத் திறக்காமல், யாரும் ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் சரக்கு கை மாறுகிறது. 2007இல் இந்த விலை வானத்துக்கு ஏறி, அதே வருடம் மடமடவென்று சரிந்தது. கடன் வாங்கிச் சரக்குப் பிடித்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் ஏற்றமும் சரிவும் நின்றபாடில்லை. அந்தச் சந்தையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரு நாள் தங்கிப் போகும் நமக்கு என்ன வேலை?

சரி, குடிக்க வாங்கும் கதைக்கு வருவோம். இலையுதிர்காலக் கண்காட்சி அக்டோபர் 15இல் தொடங்கி நவம்பர் 4 வரை மூன்று கட்டமாக நடக்கும். பின்னலாடை மூன்றாம் கட்டத்தில் வருவதால், நீங்கள் ஓயும்போது நவம்பர் முதல் வாரம் ஆகிவிடும். தேயிலை வாங்க அது நல்ல நேரம்தான், ஆனால் எல்லாத் தேயிலைக்கும் அல்ல. உதாரணமாக லோங்ஜிங். ஹாங்சோ நகரத்தின் மேற்கு ஏரியைச் சுற்றி விளையும் புகழ்பெற்ற பச்சைத் தேயிலை. அதில் உயர்ந்த மட்டம் ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முன்னால் பறித்தது. நவம்பரில் அதற்கு ஏழு மாத வயது. குளிர்பெட்டியில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும், கடை அலமாரியில் இருந்தால் வாசனை போயிருக்கும். நண்பர் யாராவது ஏப்ரல் கண்காட்சிக்குப் போனால் அவரிடம் சொல்லி வாங்குங்கள்.

உங்கள் பயணத்துக்குப் பொருந்துவது ஊலோங், அதாவது பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தேயிலை. ஃபூஜியான் மாகாணத்து ஆன்சியில் விளையும் டியேகுவான்யின்னின் இலையுதிர்காலப் பறிப்பு அப்போதுதான் சந்தைக்கு வந்திருக்கும். வசந்தப் பறிப்பில் டிகாஷன் கனமாக இருக்கும், இலையுதிர்காலத்ததில் மணம் தூக்கும் என்பது அந்த ஊர்க்காரர்கள் கணக்கு. கடை வாசலில் பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உருண்டையான இலைகளிலிருந்து காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தால், அது ஆன்சிக்காரர் கடையாகத்தான் இருக்கும். வூயீ மலையின் பாறைத் தேயிலைகள் என்கிற ஊலோங் வகைகளும் அப்படித்தான். மே மாதத்தில் பறித்தாலும், கரித்தணலில் சில சுற்று வாட்டி, நெருப்பு வாசனை அடங்கி விற்பனைக்கு வர இலையுதிர்காலம் ஆகிவிடும்.

எனக்குப் பிடித்ததைச் சொல்லட்டுமா? குவாங்சோவுக்குப் போய் டான்சோங் வாங்காமல் வரக்கூடாது. அதுவும் ஊலோங்தான், குவாங்சோ இருக்கும் குவாங்டோங் மாகாணத்திலேயே, சாவ்சோ பக்கத்து ஃபெங்ஹுவாங் மலையில் விளைவது. அந்த மரங்களை மணத்தை வைத்துப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். மி லான் சியாங் என்பதில் தேனும் ஆர்க்கிட் பூவும் கலந்த மணம், முதல் தடவை குடிப்பவர்கள் எசென்ஸ் சேர்த்திருக்கிறது என்று சத்தியமே செய்வார்கள். யா ஷி சியாங் என்று இன்னொன்று. அந்தப் பெயருக்கு வாத்து எச்ச மணம் என்று பொருள்! நல்ல மரத்தை ஊரார் கண்ணிலிருந்து காப்பாற்ற விவசாயி வைத்த பெயர் என்று கதை சொல்கிறார்கள். குடித்துப் பார்த்தால் மல்லிகைப் பந்தல் பக்கம் போன வாசனைதான். விளையும் மாகாணத்திலேயே வாங்குவதால் கைமாறல் குறைவு, சாவ்சோக்காரர்கள் தாங்களே உட்கார்ந்து விற்கிறார்கள், கொடுத்த காசுக்குச் சரக்கு கிடைக்கிறது.

பால் டீயில் ஊறிய நாக்குக்கு எது ஒத்துவரும் என்பதும் முக்கியம். வீட்டில் எல்லோரும் குடிக்க வேண்டுமென்றால் தியென்ஹோங் வாங்குங்கள். யுன்னானில் 1930களின் கடைசியில் ஏற்றுமதிக்காகச் செய்ய ஆரம்பித்த சிவப்புத் தேயிலை, அதாவது நாம் கறுப்புத் தேயிலை என்கிற வகை. செடி அசாம் ரகம்தான் என்பதால் நம்மவர்களுக்கு அந்நியமாக இருக்காது. பொன்னிற மொட்டு கலந்த இலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகும் மணம், சர்க்கரை இல்லாமலேயே இனிப்புத் தட்டும். அடுத்து, பழுத்த பூஅர். பூஅரில் இரண்டு வகை உண்டு. ஷெங் என்பது பச்சை, வருடக்கணக்கில் தானாக மாறுவது. ஷோ என்பது பழுத்தது. 1973இல் குன்மிங் தொழிற்சாலையில் ஈரப்படுத்திக் குவித்துவைத்து நொதிக்கவிடும் முறையைக் கண்டுபிடித்த பின் வந்தது. டிகாஷன் கறுப்பாக இருக்கும், கசக்காது, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட வயிற்றுக்கு இதமாக இருக்கும். ஒரு ஷோ வட்டு வாங்கினால் ஒரு வருடம் ஓடும். இளம் ஷெங்கை மட்டும் ஆரம்பத்தில் தொடாதீர்கள். கசப்பும் துவர்ப்பும் பிடரியில் அடிக்கும், வெறும் வயிற்றில் குடித்தால் கை நடுங்கும்.

வயதானவர்களுக்குப் பரிசு வேண்டுமென்றால் சியாவ் சிங் கான். சிறிய பச்சை ஆரஞ்சைக் குடைந்து, அதற்குள் பழுத்த பூஅரை நிரப்பிக் காயவைத்தது. சின்ஹுய் ஊர் ஆரஞ்சுதான் அதற்குப் பேர்போனது, அதுவும் இதே மாகாணம். ஒரு பழம் ஒரு கெட்டிலுக்கு. பார்க்கவும் அழகு.

இனி விலை. எந்தக் கடையிலும் விலையை ஜின் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஜின் 500 கிராம், ஒரு லியாங் 50 கிராம். 600 யுவான் என்று சொன்னால் கிலோவுக்கு என்று நினைத்து மகிழ்ந்துவிட வேண்டாம், நூறு கிராமுக்கு என்று நினைத்துப் பதறவும் வேண்டாம். பூஅர் மட்டும் வட்டுக் கணக்கு. ஒரு வட்டு 357 கிராம், ஏழு வட்டு கொண்டது ஒரு கட்டு, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ.

முதல் முறை வாங்குபவருக்கு நான் சொல்லும் வரம்பு: டான்சோங்கோ வாட்டிய டியேகுவான்யின்னோ ஜினுக்கு 300 முதல் 600 யுவான், தியென்ஹோங் அதற்கும் கீழே, ஷோ வட்டு 100 முதல் 250 யுவான். இதற்கு மேலே போனால் வித்தியாசம் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுபிடிக்க நாக்கு பழகியிருக்க வேண்டும். ஜினுக்கு 400 யுவான் என்றால் பயந்துவிடாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு 7 கிராம், அதாவது 5.6 யுவான். யுவானுக்கு 12 ரூபாய் என்று வைத்தால் 67 ரூபாய். அதே இலையில் ஏழெட்டுத் தடவை வெந்நீர் ஊற்றி இரண்டு பேர் ஒரு மாலை முழுக்கக் குடிக்கலாம்.

பெயரைச் சொல்லிக் கேட்காமல் விலையைச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பதிலிலேயே முக்கியமான வரி இதுதான். கடைக்குள் போய் "தா ஹொங் பாவ் இருக்கிறதா, லாவ் பான்ஜாங் இருக்கிறதா" என்று கேட்டால், புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தா ஹொங் பாவ் தாய்மரங்கள் வூயீ மலைப் பாறை இடுக்கில் ஆறே ஆறு நிற்கின்றன, 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதே இல்லை. கடையில் அந்தப் பெயரில் இருப்பது பெரும்பாலும் பல பாறைத் தேயிலைகளைச் சேர்த்த கலவை. அது மோசடி இல்லை, அந்தப் பெயரின் இன்றைய பொருளே அதுதான். ஆனால் "தாய்மரத்து இலை" என்று சொல்லி விலையேற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். லாவ் பான்ஜாங் என்பது யுன்னானில் பூஅருக்குப் பேர்போன ஒரே ஒரு கிராமம். அந்தப் பெயர் அச்சிட்ட உறைகள் சீனா முழுக்கக் கிடைக்கின்றன.

அதற்குப் பதிலாக "கோ லியாங் சா" என்று கேளுங்கள். தினப்படி குடிக்கும் தேயிலை என்பதற்கு அவர்களே பயன்படுத்தும் சொல் அது. கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, "தினமும் குடிக்க டான்சோங் வேண்டும், ஜினுக்கு 400 யுவானுக்குள், மூன்று வகை காட்டுங்கள்" என்று எழுதிக் காட்டினால் போதும். கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பரிசுப் பெட்டி விற்கும் பேச்சை விட்டுவிட்டு, உள்ளே இருந்து பெரிய பையை இழுத்துப் பிரிப்பார்.

பிறகு உட்காரச் சொல்வார்கள். கைவான் என்கிற மூடிபோட்ட கிண்ணத்தில் ஏழெட்டு கிராம் இலை போட்டு, கொதிநீரை ஊற்றி, முதல் நீரைக் கொட்டிவிட்டு, அடுத்ததிலிருந்து சின்னக் கோப்பையில் தருவார்கள். காசு கேட்க மாட்டார்கள். ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டுங்கள், குவாங்டோங் பக்கம் அதுதான் நன்றி. வாயைத் திறக்காமலேயே மரியாதை தெரிந்தவர் ஆகிவிடலாம். பிடிக்காததை முழுக்கக் குடிக்க வேண்டியதில்லை, தட்டில் கொட்டலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆறு தேயிலை குடித்துவிட்டுச் சும்மா எழுந்து வருவது அழகில்லை. பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது தேயிலைக்குள் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

கடைக்காரர் கை தேர்ந்த கை. எந்த இலையையும் ஐந்து விநாடியில் வடித்து, குறையை மறைத்துவிடுவார். அதனால் பிடித்துப்போன தேயிலையை இன்னொரு தடவை, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டுத் தரச் சொல்லுங்கள். தேயிலைத் தரம் பார்ப்பவர்கள் ஊலோங்கைச் சோதிப்பதே அப்படித்தான். 5 கிராம் இலை, 110 மில்லி நீர், கடைசி ஊறல் 5 நிமிடம். கசப்பு வரும். அது வாயில் நின்று தொண்டையை வறட்டுகிறதா, அல்லது சில நொடியில் கரைந்து இனிப்பாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் நல்ல இலை. மணத்தைக் கோப்பையில் தேடாமல் மூடியின் உட்புறத்தில் மோந்து பாருங்கள். முதல் ஊற்றலில் கமகமவென்று வந்து மூன்றாவதில் காணாமல் போனால் மணம் சேர்த்தது என்று சந்தேகிக்கலாம், நல்ல டான்சோங் ஆறாவது ஏழாவதிலும் பேசும். கடைசியில் ஊறிய இலையைத் தட்டில் பரப்பச் சொல்லுங்கள். முழு இலையாக, தொட்டால் மெத்தென்று, ஒரே அளவில் இருக்க வேண்டும். துண்டும் தூளும் கரியுமாக இருந்தால் விலை தானாகக் குறையும்.

பூஅருக்கு மட்டும் தனியாகச் சில எச்சரிக்கைகள். ஷோவில் மீன் கழுவிய நாற்றம் வந்தால் நொதித்தல் சரியில்லை, அல்லது இன்னும் ஆறவில்லை. பூசணம் பிடித்த சுவரின் வாடை வந்தால் ஈரக் கிடங்கில் வைத்தது. தெற்குச் சீனாவின் ஈரக்காற்றில் தேயிலை வேகமாக முதிரும், அதையே ருசி என்று விரும்பிக் குடிப்பவர்களும் அங்கே உண்டு. நமக்கு அது வேண்டாம். வயதைப் பற்றிச் சொன்னால் உறையைத் திருப்பிப் பாருங்கள். சீன உணவுப் பொட்டலங்களில் எஸ்.சி. என்று தொடங்கும் உரிம எண் 2015 அக்டோபருக்குப் பிறகு வந்தது. அந்த எண் இருக்கும் வட்டை "இருபது வருடம் பழையது" என்று ஒருவர் நீட்டினால் பேச்சே தேவையில்லை. உறையில் 7542 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி 1975ஆம் வருடத்துச் சரக்கு என்று கதை விடுபவர்களும் இருக்கிறார்கள். முதல் இரண்டு எண் அந்தக் கலவை உருவான வருடம், மூன்றாவது இலையின் தரம், கடைசி 2 மெங்ஹாய் தொழிற்சாலையைக் குறிப்பது. போன வருடம் அழுத்திய வட்டிலும் 7542 இருக்கும்.

பேரம் பேசலாமா? பேசலாம், ஆனால் குடித்துப் பார்ப்பதற்கு முன்னால் பேசாதீர்கள். மொத்தக் கடைகளில் சொன்ன விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்காது. இரண்டு மூன்று வகை சேர்த்து வாங்கும்போது மொத்தத் தொகையில் உதிரியைக் குறைக்கச் சொல்லி, கொசுறாக ஒரு சாம்பிள் பொட்டலமும் கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். 2000 என்று சொன்னதை முகம் சுருங்கியதும் 800க்கு இறக்கினால், அந்தக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். சில கடைகள் ஒரு ஜினுக்குக் குறைந்த அளவில் தர மாட்டா. வருத்தப்படாதீர்கள், இரண்டு கடை தள்ளி 100 கிராம் தருபவர் இருப்பார்.

பெட்டி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பட்டுத்துணி, காந்தமூடி, உள்ளே இரண்டு சின்ன டப்பா. அந்தப் பெட்டிகளைத் தயாரித்து விற்கும் கடைகளே அந்தச் சந்தையில் வரிசையாக இருக்கின்றன, உள்ளே எதை வேண்டுமானாலும் போடலாம். "சான் ஜுவாங்", அதாவது உதிரியாக, என்று சொன்னால் உங்கள் கண் முன்னே ஃபாயில் பையில் போட்டு ஒட்டித் தருவார்கள். நீங்கள் குடித்த அதே பையிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். அப்போதே பைமேல் தமிழில் பெயரும் விலையும் எழுதிவிடுங்கள், ஊருக்கு வந்தபின் எல்லா வெள்ளிப் பையும் ஒன்றுபோல் இருக்கும்.

போகும் வழி சுலபம். கண்காட்சி நடக்கும் பாஜோவிலிருந்து 8ஆம் லைன் மெட்ரோ, சென் கிளான் அகாடமியில் 1ஆம் லைனுக்கு மாறி ஃபாங்சுன் ஸ்டேஷன், அங்கிருந்து டாக்சி. பத்து மணிக்குப் போனால் கடைக்காரர்களும் நிதானமாக இருப்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வீசாட் பே அல்லது அலிபேயில் உங்கள் சர்வதேசக் கார்டை இணைத்து, ஊரிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் எதுவும் வாங்காமல் நடங்கள். பிறகு டான்சோங்குக்கு இரண்டு கடை, பூஅருக்கு ஒரு கடை, டியேகுவான்யின்னுக்கு ஒரு கடை. அதற்கு மேல் நாக்கு வேலை செய்யாது. சுற்றுலா இடங்களில் இளைஞர்கள் நல்ல ஆங்கிலத்தில் பேசி "தேநீர் விழாவுக்கு" அழைத்துப் போய்ப் பெரிய பில்லை நீட்டுவது பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் பழைய தொழில். ஃபாங்சுன்னில் யாரும் உங்களை அழைக்க வரமாட்டார்கள், அவர்களுக்கு வேலை இருக்கிறது.

கொண்டுவருவதில், சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு கிலோ, ஒட்டிய பையில், பில்லோடு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பனைக்கு என்றால் அது வேறு கதை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும், தேயிலைக்கு இறக்குமதிச் சுங்கமே 100 சதவீதம். வீட்டுக்கு வந்தபின் வாட்டாமல் பச்சையாக இருக்கும் டியேகுவான்யின்னை ஃப்ரிட்ஜில் காற்றுப் புகாமல் வையுங்கள். வாட்டிய ஊலோங்குக்கும் தியென்ஹோங்குக்கும் நல்ல டப்பா போதும். பூஅர் வட்டைக் காகித உறையோடு ஓர் அட்டைப்பெட்டியில், மசாலா அலமாரிக்கும் பூஜை அறைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், சாம்பிராணி வாசனையை ஒரே வாரத்தில் இழுத்துக்கொள்ளும். ஃபாங்சுன் கடைகளில் மென்மையான பாட்டில் தண்ணீரில்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். திருப்பூர் போர்த் தண்ணீரில் போட்டுவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம், கேன் தண்ணீரில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.